சேய் நிரலின் வெளியீடும் பஃபர் வரம்பும்: சோதனை எழுதத் தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு நிரல் தன் வேலையின் நடுவே இன்னொரு நிரலை இயக்கி, அது அச்சிடுவதை வாங்கிப் பயன்படுத்துவது அன்றாடம் நடக்கும் காரியம். கோப்புகளைச் சுருக்கும் கருவியை அழைப்பது, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தின் வரலாற்றைப் படிப்பது, காணொளியின் நீளத்தைக் கேட்டறிவது ஆகிய எல்லாமே பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. அழைக்கும் நிரலைத் தாய் நிரல் என்றும் அழைக்கப்படும் நிரலைச் சேய் நிரல் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். வெளியீடு நாலைந்து வரிகளாக இருக்கும் வரை எந்தச் சிக்கலும் எழுவதில்லை. களஞ்சியம் பெருத்து, பட்டியல் நீண்டு, சேய் நிரல் சில மெகாபைட் அச்சிடத் தொடங்கும் நாளில், நேற்று வரை ஓடிய நிரல் பாதியில் அறுந்த வெளியீட்டைத் தருகிறது, அல்லது எந்தப் பிழையும் காட்டாமல் அப்படியே நின்றுவிடுகிறது. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகளாகத் தோன்றினாலும், உண்மையில் இவற்றின் பின்னால் இருப்பவை, வெளியீடு தற்காலிகமாகக் காத்திருக்கும் பஃபர் எனும் நினைவக இடத்துக்கு விதிக்கப்படும் இரு வேறு வரம்புகள். ஒன்று இயங்குதளத்துக்கு உரியது. மற்றொன்று நாம் பயன்படுத்தும் நூலகத்துக்கு உரியது. எந்த வரம்பைச் சோதிக்கிறோம் என்பது தெளிவாகாமல் எழுதப்படும் சோதனை, பச்சை நிறத்தைக் காட்டினாலும் எதையும் நிரூபிப்பதில்லை.

முதலில் இயங்குதளத்தின் வரம்பைப் பார்க்கலாம். தாய் நிரல் சேய் நிரலின் வெளியீட்டை வாங்க விரும்பும்போது, இரண்டுக்கும் இடையே இயங்குதளம் ஒரு பைப்பை அமைக்கிறது. சேய் ஒரு முனையில் எழுதுகிறது. தாய் மறுமுனையில் படிக்கிறது. எழுதப்பட்டு இன்னும் படிக்கப்படாத பைட்டுகள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் நினைவகத்தில் காத்திருக்கின்றன, அந்த இடம் அளவானது. லினக்ஸில் 2.6.11ஆம் பதிப்பு முதல் ஒரு பைப்பின் கொள்ளளவு பொதுவாக 65,536 பைட், அதாவது 64 கிலோபைட்; அதற்கு முன்பு அது ஒரே ஒரு நினைவகப் பக்கம், அதாவது வழக்கமான கணினிகளில் 4,096 பைட் மட்டுமே. பைப் நிரம்பிவிட்டால் சேய் நிரலுக்குப் பிழை எதுவும் வருவதில்லை. அது எழுத முயன்ற இடத்திலேயே, மறுமுனையில் யாராவது படித்து இடம் ஒழிக்கும் வரை, உறங்கிக் கிடக்கிறது.

இப்போது தாய் நிரல் எதையும் படிக்காமல், சேய் முடியட்டும் என்று மட்டும் காத்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தாய் படித்தால்தான் சேய் முடியும். சேய் முடிந்தால்தான் தாய் படிக்கும். இந்த நிலைக்கு டெட்லாக் என்று பெயர். பைத்தானில் இதைக் கண்ணால் காண்பது எளிது. பிற நிரல்களை இயக்க உதவும் சப்புராசஸ் தொகுதியின் பீஓப்பனைக் கொண்டு, வெளியீட்டைப் பைப்புக்குத் திருப்பி, ஒரு சேய் நிரலை இயக்குங்கள்; அது 65,536 பைட் எழுதிவிட்டு வெளியேறட்டும். பிறகு வெயிட் செயற்கூற்றை அழையுங்கள். லினக்ஸில் அது உடனே திரும்பிவிடும். சேய் எழுதுவதில் ஒரே ஒரு பைட்டைக் கூட்டி 65,537 ஆக்குங்கள். வெயிட் திரும்பவே திரும்பாது. அதனால்தான் பைத்தானின் ஆவணம் பைப் இருக்கும் இடத்தில் வெயிட்டை நம்பாமல் கம்யூனிகேட்டைப் பயன்படுத்தச் சொல்கிறது. கம்யூனிகேட் காத்திருக்கும்போதே படித்துக்கொண்டும் இருக்கும். ஜாவாவின் புராசஸ் வகுப்புக்கான ஆவணமும் இதே ஆபத்தை எச்சரிக்கிறது. டெர்மினலில் அதே சேய் நிரலைக் கையால் இயக்கினால் இந்தத் தொல்லை தெரிவதே இல்லை. டெர்மினல் வருவதையெல்லாம் உடனுக்குடன் படித்துவிடுகிறது. என் கணினியில் ஓடுகிறதே என்ற வாதம் இந்த விஷயத்தில் குறிப்பாக எடுபடாது.

இரண்டாவது வரம்பு நூலகம் தானாக வைப்பது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸின் எக்ஸெக், எக்ஸெக்ஃபைல் ஆகிய செயற்கூறுகள் பைப்பை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே கர்னலின் 64 கிலோபைட் அங்கே தடையாவதில்லை. ஆனால் படித்ததையெல்லாம் தாய் நிரலின் நினைவகத்தில் சேர்த்து வைத்து, சேய் முடிந்த பிறகு மொத்தமாக நம்மிடம் தருகின்றன. கட்டுப்பாடில்லாமல் அச்சிடும் ஒரு சேய், தாயின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடலாம் அல்லவா? அதைத் தடுக்கவே மேக்ஸ்பஃபர் என்ற விருப்ப அளவு இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு நெடுங்காலம் 200 கிலோபைட்டாக இருந்தது. 12ஆம் பதிப்பில் அது 1 மெகாபைட்டாக, அதாவது 10,48,576 பைட்டாக உயர்த்தப்பட்டது. வரம்பு மீறப்பட்டதும் நோட் சேய் நிரலைக் கொன்றுவிட்டு, அதுவரை சேர்ந்ததை வெட்டித் தந்து, வரம்பு மீறல் என்பதற்கே உரிய ஒரு பிழையை, வேலை முடிந்ததும் அழைக்கும்படி நாம் தந்த பின்னழைப்புச் செயற்கூற்றுக்கு அனுப்புகிறது. பைத்தானின் சப்புராசஸ் ரன் செயற்கூற்றுக்கு இப்படியொரு வரம்பே இல்லை. வருவது எவ்வளவானாலும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டே போகும். எது நல்லது என்று கேட்டால், சத்தம் போட்டுத் தோற்கும் நோடின் வழியையே நான் விரும்புவேன். ஆனால் அந்தச் சத்தத்தை நம் நிரல் சரியாகக் கேட்கிறதா என்பதுதான் சோதிக்க வேண்டியது.

ஆக, முதல் வரம்பு மௌனமாகத் தடுக்கிறது, இரண்டாவது வரம்பு வெளிப்படையாகக் கொல்கிறது. முதலாவதைச் சோதிக்கக் காலக்கெடு வேண்டும். இரண்டாவதைச் சோதிக்கத் துல்லியமான எண்ணிக்கை வேண்டும்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். சோதனைக்கான சேய் நிரலாக இயங்குதளத்தின் ஏதாவதொரு கட்டளையைப் பிடித்துக்கொள்வது பலருக்கும் தோன்றும் முதல் யோசனை, அது தவறான யோசனை. ஒரே கட்டளை ஓர் இயங்குதளத்தில் வரி முடிவுக்கு ஒரு பைட்டும் வேறொன்றில் இரண்டு பைட்டும் எழுதக்கூடும். வரம்பை ஒரு பைட் துல்லியத்தில் பார்க்கும் சோதனைக்கு அந்த ஒரு பைட்டே போதும், குட்டையைக் குழப்ப. தாய் நிரலை இயக்கும் அதே மொழி மென்பொருளைக் கொண்டு, எத்தனை பைட் எழுத வேண்டும் என்பதை அளபுருவாக, அதாவது தொடங்கும்போது தரப்படும் மதிப்பாகப் பெற்று, அதை மட்டும் எழுதி முடிக்கும் ஒரு சின்னஞ்சிறு சேய் நிரலை நாமே வைத்துக்கொள்வது நல்லது. எழுத வேண்டிய உரையையே அளபுருவாக அனுப்பக் கூடாது. லினக்ஸில் ஒற்றை அளபுரு 128 கிலோபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், வெளியீட்டு வரம்பைத் தொடும் முன்பே வேறொரு வரம்பில் முட்டிக்கொள்வோம். எண்ணை அனுப்பி, உரையைச் சேய் நிரலே பெருக்கிக்கொள்ளட்டும்.

முதல் சோதனைக்கு 1 மெகாபைட் எல்லாம் தேவையில்லை. சேய் நிரல் 0123456789 என்ற பத்து இலக்கங்களை, நோடில் ஒரு வரியை அச்சிடும் கன்சோல் லாக் வழியாக அச்சிடட்டும். பத்து இலக்கங்களுக்குப் பத்து பைட், இறுதியில் கன்சோல் லாக் தானாகச் சேர்க்கும் புதுவரிக் குறிக்கு ஒரு பைட், மொத்தம் 11. மேக்ஸ்பஃபரை 11 என்று வைத்தால் பிழையின்றி முடிய வேண்டும். 10 என்று வைத்தால் பிழை வர வேண்டும். வரம்புக்குச் சமமாக இருப்பது மீறல் அன்று, வரம்பைத் தாண்டுவதே மீறல் என்பதை இந்த இரு சோதனைகளும் சேர்ந்துதான் உறுதிப்படுத்துகின்றன. ஒன்றை மட்டும் எழுதினால், ஒப்பீட்டுக் குறியில் நேரும் ஒரு சிறு பிழை தப்பிவிடும். புதுவரிக் குறியை எண்ண மறந்துவிட்டு, பத்துக்குப் பத்து சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பிழை வருகிறது என்று தலையைச் சொறிந்துகொள்வது ஏறக்குறைய எல்லோரும் கடந்து வரும் கட்டம், நானும் கடந்திருக்கிறேன்.

இந்தச் சிறு எடுத்துக்காட்டுக்குள் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. வரம்பு 10 ஆக இருக்கும்போது நமக்குக் கிடைக்கும் வெட்டப்பட்ட வெளியீடு என்ன? 0123456789 என்ற பத்து இலக்கங்கள், புதுவரி இல்லாமல். வெற்றி பெற்ற ஓட்டத்தில் கிடைப்பது அதே பத்து இலக்கங்கள், புதுவரியுடன். வெளியீட்டைப் பயன்படுத்தும் முன் முன்பின் வெற்றிடங்களை நீக்கிவிடுவது பெரும்பாலான நிரலாளர்களின் பழக்கம். அப்படி நீக்கிய பிறகு தோல்வியும் வெற்றியும் ஒரே உருவில் நிற்கின்றன. எனவே வெளியீட்டை மட்டும் ஒப்பிடும் சோதனை இங்கே பயனற்றது. பிழை வந்ததா, அதன் குறியீடு வரம்பு மீறலுக்கு உரியதுதானா, வெளியீட்டின் நீளம் எவ்வளவு என்ற மூன்றையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். குறியீட்டைப் பார்க்காமல் ஏதோ ஒரு பிழை வந்தால் போதும் என்று விட்டால், சேய் நிரலின் கோப்புப் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் சோதனை தேறிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இவ்வளவு சிறிய வெளியீட்டில், தாய் நிரல் கொல்ல முனையும் முன்பே சேய் தன் வேலையை முடித்து, வெற்றிக்குரிய 0 என்ற குறியீட்டோடு வெளியேறியிருக்கக்கூடும். அப்போதும் நோட் வரம்பு மீறல் பிழையைத்தான் தரும். ஆகவே சேய் நிரல் இயங்குதளம் அனுப்பிய எந்தச் சிக்னலால் இறந்தது என்பதன்மேல் சோதனையைக் கட்டினால், அது ஒரு நாள் தேறும், மறுநாள் தோற்கும்.

வரம்பு பைட்டுகளில் அளக்கப்படுகிறது, எழுத்துகளில் அன்று. இலக்கங்களும் ரோமன் எழுத்துகளும், எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரு பைட் என்பதால், அவற்றை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. தமிழுக்கு வந்தால் உடனே பட்டுவிடும். தமிழ் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் என்பதால், மொத்தம் 15 பைட். கன்சோல் லாக்கின் புதுவரியோடு 16. மேக்ஸ்பஃபர் 16 என்றால் தேறும். 15 என்றால் பிழை.

அதே சொல்லுக்கு வரம்பை 10 என்று வைத்துப் பார்த்தால் காட்சி இன்னும் சுவையானது. எக்ஸெக் இயல்பாக வெளியீட்டை உரைச்சரமாகத் தருகிறது. நோடின் மூல நிரல், வரம்பு மீறப்பட்டதா என்பதைப் பைட்டுகளில் எண்ணிக் கண்டுபிடிக்கிறது. ஆனால் வெட்டும்போது உரைச்சரத்தைக் குறிகளின் எண்ணிக்கையில் வெட்டுகிறது. நம் வெளியீட்டில் புதுவரியையும் சேர்த்து ஆறே குறிகள் இருப்பதால், முதல் பத்துக் குறிகளைத் தா என்று கேட்டால் முழுவதும் வந்துவிடுகிறது. பிழையும் வருகிறது, 16 பைட்டும் முழுமையாக வருகிறது. மாறாக, குறியாக்கத்தைப் பஃபர் என்று குறிப்பிட்டு மூல பைட்டுகளாகக் கேட்டால், வெட்டு சரியாகப் பத்தாவது பைட்டில் விழும்: த, ம, இகரக் குறி ஆகிய மூன்றுக்கும் ஒன்பது பைட் போக, ழகரத்தின் மூன்று பைட்டுகளில் முதலாவது மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை உரையாக மாற்றினால் தமி என்பதன் பின்னே ஒரு கேள்விக்குறிச் சதுரம் தெரியும். வெட்டப்பட்ட வெளியீட்டின் நீளம் வரம்பைத் தாண்டாது என்று நம்பி எழுதிய சோதனை, ரோமன் எழுத்துகளில் தேறித் தமிழில் தோற்பது இதனால்தான். என் பரிந்துரை, ஒவ்வொரு வரம்புச் சோதனைக்கும் ஒரு பைட் எழுத்துகளால் ஒரு வடிவமும் பல பைட் எழுத்துகளால் ஒரு வடிவமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது.

பதினொரு பைட் சோதனையால் மட்டும் மன நிறைவு கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அவ்வளவு சிறிய வெளியீடு தாய் நிரலை ஒரே துண்டாக வந்தடைகிறது. பெரிய வெளியீடு அப்படி வருவதில்லை. நோட் ஒரு முறைக்கு அதிகபட்சம் 64 கிலோபைட் வரையிலான துண்டுகளாகப் படிக்கிறது. துண்டுகளின் நீளங்களைக் கூட்டிக்கொண்டே வந்து, எந்தத் துண்டின் நடுவே வரம்பு கடக்கிறது என்று கண்டு, அந்தத் துண்டை மட்டும் வெட்டும் கணக்கு அப்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆகவே வரம்பை 1,00,000 என்று வைத்து, புதுவரி இல்லாமல் 1,00,001 இலக்கங்களை எழுதும் சேய் ஒன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். பிழையோடு சேர்ந்து சரியாக 1,00,000 இலக்கங்கள் கிடைத்தால் கணக்கு சரி. துண்டுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் என்பதால், அவற்றைச் சோதனையில் எதிர்பார்ப்பாக எழுதக் கூடாது. கூட்டுத்தொகை மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இயல்பு மதிப்புக்கு ஒரு சோதனை போதும்: 1 மெகாபைட்டுக்கு ஒன்று குறைவாக எழுதி, புதுவரியோடு சரியாக வரம்பைத் தொட்டுத் தேறுவதையும், இன்னொன்று கூட்டித் தோற்பதையும் பார்த்துவிடலாம். வரம்பே வேண்டாம் என்பதற்கு இன்ஃபினிட்டி என்ற மதிப்பைத் தரலாம். அதற்கும் ஒரு சோதனை. எக்ஸெக் செயற்கூறு, பிழைச் செய்திகளுக்கென உள்ள தனி வழியான பிழை வெளியீட்டையும் தனியே எண்ணுகிறது என்பதால், மேலே சொன்ன எல்லாவற்றையும் பிழை வெளியீட்டுக்கும் ஒரு முறை திருப்பி எழுதிவிட வேண்டும்.

சேய் முடியும் வரை காத்திருந்து முடிக்கும் ஒத்திசைவு வகையான நோடின் ஸ்பான்சிங்க் செயற்கூறு தனி இயல்பு கொண்டது. வரம்பு மீறினால் அதில் வருவது ஈநோபஃப்ஸ் என்ற வேறொரு பிழை. அதைவிட முக்கியமாக, அது உள்ளுக்குள் 64 கிலோபைட் இடத்தை ஒதுக்கிக்கொண்டு படிப்பதால், வரம்பு 1 பைட் என்று வைத்தாலும் சேய் எழுதிய முழு வரியும் வெளியீட்டில் வந்து நிற்கலாம். எக்ஸெக்குக்கு எழுதிய சோதனையை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அது தோற்பதற்கு இவ்விரண்டும் காரணமாக இருக்கலாம். ஒத்திசைவு வகைக்கு, பிழை வந்ததா என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள்; வெளியீட்டின் நீளத்தைப் பார்க்க வேண்டாம்.

இனி மௌனமாகத் தடுக்கும் வரம்பு. நூலகத்தின் ஆயத்தமான செயற்கூறுகளை விட்டுவிட்டு, நாமே பைப்பைப் படிக்கும் நிரலை எழுதும்போதெல்லாம் இது தலைகாட்டும். இங்கே தோல்வி என்பது பிழையன்று, முடிவில்லாக் காத்திருப்பு. ஆகவே சோதனை தானாகத் தோற்காது, தொங்கிக்கொண்டு கிடக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்தோ பத்தோ விநாடிக் காலக்கெடு வைத்து, கெடு கடந்தால் சேய் நிரலைக் கொன்று, தோல்வி என்று அறிவிக்க வேண்டும். கெடு கடந்ததும் கொல்ல மறந்தால், தொங்கும் சேய் நிரல்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, அடுத்தடுத்த சோதனைகளைக் காரணமின்றி மெதுவாக்கும். பைப்பின் கொள்ளளவு இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். லினக்ஸிலேயே சாதாரணப் பயனர் அதை இயல்பான உச்சமாகிய 1 மெகாபைட் வரை உயர்த்திக்கொள்ள முடியும். அதனால் 65,537 என்ற எண்ணைச் சோதனையில் பொறித்து வைப்பதைக் காட்டிலும், எந்தப் பைப்பையும் நிரப்பிவிடக்கூடிய 2 மெகாபைட்டை எழுதச் சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

ஒற்றை வெளியீட்டைச் சரியாகப் படிக்கும் நிரலும் இரட்டை வெளியீட்டில் மாட்டிக்கொள்ளலாம். தாய் நிரல் முதலில் வெளியீட்டை முடிவு வரை படித்துவிட்டு, பிறகு பிழை வெளியீட்டைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். சேய் நிரல் வெளியீட்டில் எதையும் எழுதும் முன்பு, பிழை வெளியீட்டில் 2 மெகாபைட் எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது. பிழைப் பைப் நிரம்பியதும் சேய் நிற்கிறது. வெளியீட்டுப் பைப்பில் ஏதாவது வருமா என்று தாய் நிற்கிறது. இந்த வரிசைக்கென்றே ஒரு சோதனை வேண்டும், ஏனென்றால் வழக்கமான நாள்களில் எச்சரிக்கைகள் நாலு வரிதான் இருக்கும், எனவே இந்தப் பிழை மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் படிப்பதோ, பிழை வெளியீட்டை வெளியீட்டோடு இணைத்துவிடுவதோ இதற்குத் தீர்வு.

வரம்பு மீறிக் கொல்லப்பட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையும் சோதனை பார்க்க வேண்டும். எக்ஸெக் நம் கட்டளையை, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் வழியாக இயக்குவதால், தாய் நிரலுக்கு நேரடிச் சேய் அந்த ஷெல்தான். உண்மையில் அச்சிடும் நிரல் பேரப்பிள்ளையாக இருக்கக்கூடும். லினக்ஸில் ஷெல்லைக் கொன்றால் பேரப்பிள்ளை தானாக இறப்பதில்லை. மறுமுனை மூடப்பட்ட பைப்பில் அது மீண்டும் எழுத முயன்றால் இயங்குதளம் அனுப்பும் சிக்பைப் என்ற சிக்னலால் பொதுவாக முடிந்துவிடும். எழுதுவதை நிறுத்திவிட்டு வேறு கணக்கில் மூழ்கியிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். சேய் நிரல் தொடங்கியதும் தன் செயல்முறை எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கட்டும். வரம்பு மீறல் பிழை வந்து ஒரு விநாடி கழித்து, அந்த எண்ணில் எதுவும் உயிரோடு இல்லை என்று சோதனை உறுதி செய்யட்டும். ஷெல்லின் வசதிகள் தேவையில்லாத இடத்தில் எக்ஸெக்ஃபைலைப் பயன்படுத்தினால், நடுவே ஷெல் இல்லாததால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் எழாது.

உண்மையான பயன்பாட்டில் வரம்பு மீறல் பிழை வந்துவிட்டால், மேக்ஸ்பஃபரைப் பத்து மடங்காக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. வெளியீட்டின் உச்ச அளவு தெரிந்திருந்தால் அது நியாயமானதே. அளவு தெரியாத வெளியீட்டுக்கு அது பிழையின் தேதியைத் தள்ளிப்போடுவது மட்டுமே. அங்கே வேண்டியது நோடின் ஸ்பான் செயற்கூறு. அது எதையும் சேர்த்து வைப்பதில்லை, வரும் துண்டுகளை வந்தபடியே நம்மிடம் தந்துவிடுகிறது. அவற்றை வரிவரியாகப் பிரித்துப் பயன்படுத்துவதோ கோப்பில் எழுதுவதோ நம் பொறுப்பு. அப்படி மாற்றிய பிறகு பழைய வரம்புச் சோதனைகளை நீக்கிவிடத் தோன்றும், நீக்க வேண்டாம். வரம்பை 1 மெகாபைட் என்று சோதித்த இடத்தில், இப்போது 50 மெகாபைட் எழுதும் சேய் நிரலை இயக்கி, கடைசி பைட் வரை வந்து சேர்ந்ததா என்றும், ஓட்டம் முழுவதும் தாய் நிரலின் நினைவகப் பயன்பாடு அந்த 50 மெகாபைட் அளவுக்கு ஏறாமல் நின்றதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால், ஸ்பானைப் பயன்படுத்திக்கொண்டே துண்டுகளை எங்கோ நினைவகத்தில் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.